மஞ்சள் பூ மேல விழுந்த பழி: கோல்டன்ராட் செடியின் கதை

போன மாசம் எங்க டீமில் ஒருத்தருக்கு ஃபேர்வெல். வழக்கம்போல ஒரு கேக், வழக்கம்போல ஒரு பொக்கே. ரோஜாவுக்கும் ஜெர்பெராவுக்கும் நடுவில் இடத்தை நிரப்ப, மஞ்சளாக, பொடிப்பொடியாக ஒரு பூ வைப்பாங்களே, பார்த்திருப்பீங்க. அந்தப் பொக்கேவைப் பார்த்து யாரும் அந்த மஞ்சள் பூவைப் பாராட்ட மாட்டாங்க. வாங்கும்போது பூக்கடை அண்ணனிடம் அதன் பேரைக் கேட்டேன். "கோல்டன் ராட் தம்பி. சும்மா ஃபில்லர்" என்றார்.

அந்தப் பேரைக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. ஏன்னா, நான் ஒரு மெயில் எழுதி, இந்தப் பூவை ஒரு வரிசை முழுக்க வெட்ட வைத்திருக்கிறேன். அதுவும் அது முழுசாகப் பூத்து நிற்கும்போது. இன்றைய எபிசோட் அந்த மெயிலில் தொடங்கி, இருநூறு வருஷம் பின்னால் போய், திரும்ப அந்த இடத்துக்கே வரும்.

ஒரு தும்மல், ஒரு மெயில்

கொஞ்ச வருஷம் முன்னாடி நான் ஆன்சைட்டில் இருந்தேன். அமெரிக்காவில், நியூ ஜெர்சி மாநிலத்தில், எடிசன் என்கிற ஊர். ஆமாம், தாமஸ் ஆல்வா எடிசன் பேர்தான். அவருடைய மென்லோ பார்க் ஆய்வுக்கூடம் இருந்த இடம் இந்த ஊர் எல்லைக்குள்தான் வருகிறது. 1954-ல் ஊரின் பேரையே அவர் பேருக்கு மாற்றிவிட்டார்கள். இன்றைக்கு அங்கே ஓக் ட்ரீ ரோட்டில் நடந்தால் நம்ம ஊர் கடைத்தெருவில் நடக்கிற மாதிரிதான் இருக்கும். எடிசனை நினைவில் வைத்துக்கொள்ளுங்க. பின்னாடி வருவார்.

போன முதல் வருஷம் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது வருஷம் செப்டம்பரில் தும்மல் ஆரம்பித்தது. காலையில் எழுந்தால் இருபது தும்மல், கண் எரிச்சல், மீட்டிங்கில் மைக்கை ஆன் செய்யவே பயம். "ஃபால் அலர்ஜி மச்சி, இங்க எல்லாருக்கும் வரும்" என்றான் ரூம்மேட். சரி, காரணம் என்ன? ஜன்னலைத் திறந்து பார்த்தேன். எங்க அபார்ட்மென்ட் பார்க்கிங்குக்கும் பின்வீட்டுத் தோட்டத்துக்கும் நடுவில் ஒரு துண்டு நிலம். அதில் இடுப்பளவு உயரத்துக்கு, பளிச்சென்ற மஞ்சளில், ஒரு வரிசை முழுக்கப் பூ. போன வாரம்தான் பூத்தது. போன வாரம்தான் தும்மலும் வந்தது. கேஸ் முடிந்தது என்று நினைத்தேன்.

படம் எடுத்து, அபார்ட்மென்ட் அலுவலகத்துக்கு மெயில் எழுதினேன். ரொம்பப் பணிவான மெயில். இரண்டே நாளில் ஆள் வந்து, மெஷின் வைத்து, மொத்த வரிசையையும் வெட்டிவிட்டுப் போனார். தும்மல் மட்டும் நிற்கவில்லை. அடுத்த மூன்று நாள் இன்னும் மோசமானது.

அந்த வாரக் கடைசியில் பின்வீட்டு அம்மா பார்க்கிங்கில் என்னைப் பிடித்தார். எழுபது வயது இருக்கும், ரிட்டயர்டு டீச்சர். "வெட்டச் சொன்னது நீதானா?" என்று கேட்டார். ஆமாம், அலர்ஜி என்றேன். அவர் கோபப்படவில்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. "வா" என்று கூட்டிக்கொண்டு போனார். எங்க பில்டிங்கின் குப்பைத் தொட்டிக்குப் பின்னால், சிமெண்ட் விரிசல் ஓரமாக, ஒரு பச்சைச் செடி. கிழிந்த மாதிரி இலை. பூ என்று சொல்லும்படி எதுவுமே தெரியவில்லை. நுனியில் பச்சையாகச் சின்னச் சின்ன மணிகள், அவ்வளவுதான். அதை ஒரு தட்டு தட்டினார். புகை மாதிரி மஞ்சள் தூள் கிளம்பியது. எனக்கு உடனே தும்மல்.

"உன் மூக்குக்கு எதிரி இது. பேர் ராக்வீட்" என்றார். பிறகு தன் வேலிக்கு அந்தப் பக்கம் மிச்சமிருந்த மஞ்சள் பூவைக் காட்டினார். ஒரு கொத்தில் மட்டும் தேனீ, குளவி, வண்டு என்று எண்ண முடியாத கூட்டம். நடுவில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு வண்ணத்துப்பூச்சி. "இது மோனார்க். மெக்சிகோ போய்க்கொண்டிருக்கிறது. வழியில் சாப்பிட இறங்கியிருக்கிறது" என்றார்.

நான் வெட்ட வைத்தது அதன் சாப்பாட்டை.

ரூட் காஸ் கண்டுபிடித்த டாக்டர்கள்

நம்ம ஃபீல்டில் இருப்பவர்களுக்கு இந்தத் தப்பு நல்லாப் பழக்கம். ப்ரொடக்ஷனில் ஏதோ உடைகிறது. அதே நேரத்தில் யாரோ ஒருத்தர் டிப்ளாய் பண்ணியிருக்கிறார். உடனே அவர் மேல் பழி. உண்மையான காரணம் எங்கேயோ சத்தமே போடாமல் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு ஸ்கிரிப்டாக இருக்கும். கோல்டன்ராட் விஷயத்தில் நடந்ததும் இதேதான். ஆனால் அந்த பக்-ஐச் சரியாகக் கண்டுபிடித்து எழுதி வைத்தது எப்போது தெரியுமா? 1872-ல்.

கதை லண்டனில் தொடங்குகிறது. 1819-ல் ஜான் பாஸ்டாக் என்ற டாக்டர், கோடை வந்தால் தனக்கு மட்டும் கண் எரிச்சலும் தும்மலும் மூச்சுத்திணறலும் வருவதை ஒரு நோயாக எழுதிப் பதிவு செய்தார். பிறகு இதற்கு ஹே ஃபீவர் என்ற பேர் நிலைத்தது. வைக்கோலுக்கும் காய்ச்சலுக்கும் நேரடித் தொடர்பு இல்லை என்றாலும் பேர் மட்டும் மாறவில்லை.

அடுத்து மான்செஸ்டரில் சார்லஸ் பிளாக்லி. இவருக்கும் அதே தொல்லை. தன்னையே சோதனைக்கூடமாக ஆக்கிக்கொண்டார். மகரந்தத்தை மூக்கில் வைத்துப் பார்த்தார், தோலில் கீறி வைத்துப் பார்த்தார், காற்றில் எவ்வளவு உயரத்தில் மகரந்தம் இருக்கிறது என்று பார்க்கக் காற்றாடி விட்டார். 1873-ல் வெளியான அவருடைய புத்தகம், காரணம் மகரந்தம்தான் என்று நிறுவியது. ஆனால் அவர் பார்த்தது முக்கியமாக இங்கிலாந்தின் கோடைக்காலப் புல் மகரந்தம்.

அமெரிக்காவில் தொல்லை வந்தது கோடையின் கடைசியில், ஆகஸ்ட் நடுவில் தொடங்கி முதல் உறைபனி விழும் வரை. இதை ஆராய்ந்தவர் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த மோரில் வைமன். இவரும் நோயாளி, இவர் மகனும் நோயாளி. நியூ ஹாம்ப்ஷையரின் வொயிட் மவுன்டன்ஸ் மலைக்குப் போனால் இவர்களுக்குத் தும்மல் நின்றுவிடும். அப்போ மலையில் இல்லாத ஏதோ ஒன்று ஊரில் இருக்கிறது, இல்லையா? ஊரிலிருந்து ராக்வீட் செடியைப் பொட்டலம் கட்டி மலைக்குக் கொண்டுபோய், அங்கே பிரித்து மோந்து பார்த்தார்கள். சுத்தமான மலைக்காற்றில் நின்றுகொண்டு அப்பாவும் மகனும் தும்மித் தள்ளினார்கள். நாம் இன்று ஸ்டேஜிங் சர்வரில் பக்-ஐத் திரும்ப வரவழைத்துப் பார்க்கிறோமே, அதேதான். 1872-ல் அவர் புத்தகம் வந்தது.

இதன் பக்கவிளைவு ஒன்று சுவாரஸ்யமானது. வசதி உள்ளவர்கள் ஆகஸ்டில் பெட்டியைக் கட்டிக்கொண்டு அந்த மலைக்குக் கிளம்ப ஆரம்பித்தார்கள். 1874-ல் பெத்லஹேம் என்ற மலையூரில் ஹே ஃபீவர்காரர்களுக்கென்றே ஒரு சங்கம் உருவானது. ஓட்டல்கள் செழித்தன. தும்மலுக்கு ஒரு டூரிஸம்.

பளிச்சென்று இருப்பதுதான் ஆதாரம்

இப்போ மெக்கானிசத்தைப் பார்ப்போம். இதில்தான் முழுக் கதையின் சாவி இருக்கிறது.

ஒரு செடிக்கு மகரந்தத்தை இன்னொரு செடிக்கு அனுப்பணும். இரண்டு வழி. ஒன்று, காற்றில் விடுவது. ராக்வீட் செய்வது இது. காற்றுக்குக் கண் இல்லை, அதனால் பூவுக்கு நிறம் வேண்டாம், மணம் வேண்டாம், தேன் வேண்டாம். ஆனால் குறி பார்க்க முடியாது, அதனால் அளவு வேண்டும். ஒரே ஒரு ராக்வீட் செடி ஒரு சீசனில் நூறு கோடி மகரந்தத் துகள் வரை விடும் என்பது கணக்கு. லேசானது, உலர்ந்தது, பல மைல் பறக்கும்.

இரண்டாவது வழி, பூச்சியிடம் கொடுத்து அனுப்புவது. கோல்டன்ராட் செய்வது இது. பூச்சி வரணும் என்றால் விளம்பரம் வேண்டும், அதனால் மஞ்சள். கூலி வேண்டும், அதனால் தேன். மகரந்தம் பூச்சியின் உடம்பில் ஒட்டணும், அதனால் கனமாக, பிசுபிசுப்பாக இருக்கும். அது நம் மூக்கு வரை பறந்து வருவது அபூர்வம்.

அப்போ ஒரு பூ பளிச்சென்று கண்ணில் படுகிறது என்பதே, பெரும்பாலும், அது உங்கள் தும்மலுக்குக் காரணமில்லை என்பதற்கான ஆதாரம்! நாம் எதை வைத்துக் குற்றம் சாட்டினோமோ, அதுவேதான் அதன் நிரபராதிச் சான்றிதழ்.

ராக்வீட் நமக்கு முழுக்க அந்நியமும் இல்லை. நம்ம ஊர் காலி மனைகளில் பரவிக் கிடக்கும் பார்த்தீனியத்துக்கு அது நெருங்கிய சொந்தம். மூன்றுமே, கோல்டன்ராடையும் சேர்த்து, சூரியகாந்திக் குடும்பம்.

வைமன் எழுதி நூற்றைம்பது வருஷம் ஆகியும் பழி போகவில்லை. இரண்டு செடியும் ஒரே மாதத்தில், ஒரே சாலையோரத்தில் பூக்கின்றன. ஒன்று மட்டுமே கண்ணில் படுகிறது. சில மாநிலங்கள் அதைக் கொண்டாடின. நெப்ராஸ்கா 1895-லும் கென்டக்கி 1926-லும் கோல்டன்ராடை மாநிலப் பூவாக அறிவித்தன. அலபாமா 1927-ல் அறிவித்து, 1959-ல் பட்டத்தைப் பறித்து கமீலியாவுக்குக் கொடுத்தது. அது வெறும் களை, மாநிலப் பூவாக இருக்கத் தகுதியில்லை என்று எழுந்த குரல்தான் காரணம். கமீலியா ஆசியாவிலிருந்து வந்த தோட்டப்பூ. மண்ணின் பூவை இறக்கிவிட்டு விருந்தாளியை உட்கார வைத்தார்கள்.

எடிசனும், மலேயாத் தோட்டமும், இந்தச் செடியும்

நினைவில் வைக்கச் சொன்னேனே, எடிசன். எல்லோரும் களை என்று ஒதுக்கிய இந்தச் செடியை உட்கார்ந்து உற்றுப் பார்த்த பெரிய மனிதர் அவர்தான். ஆனால் அவர் தேடியது வேறு.

1920-களில் அமெரிக்கா முழுக்கக் கார் ஓடியது, காருக்கு டயர் வேண்டும், டயருக்கு ரப்பர் வேண்டும். அமெரிக்காவில் ரப்பர் மரம் வளராது. உலக ரப்பரின் பெரும்பகுதி பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த மலேயாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்தது. 1922-ல் பிரிட்டன், விலை சரியாமல் இருக்க, ரப்பர் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வைத்தது. மலேயாவில் அந்த ரப்பர் மரங்களில் விடிகாலையில் பால் வெட்டியவர்களில் மிகப் பெரும்பாலோர் யார்? கங்காணிகள் மூலம் சென்னை மாகாணத்திலிருந்து கப்பலேறிப் போன தமிழர்கள். நம்ம கொள்ளுத்தாத்தா தலைமுறை. அவர்கள் கை வழியாக வந்த பால் இல்லாமல் டெட்ராய்ட்டில் கார் உருள முடியாத நிலை.

அந்தச் சார்பிலிருந்து வெளியே வர, 1927-ல், தன் எண்பதாவது வயதில், எடிசன் ஹென்றி ஃபோர்டையும் டயர் தொழிலதிபர் ஹார்வி ஃபயர்ஸ்டோனையும் சேர்த்துக்கொண்டு ஒரு தாவர ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கினார். ஃப்ளோரிடாவின் ஃபோர்ட் மையர்ஸில் ஆய்வுக்கூடம். பல்லாயிரக்கணக்கான தாவர மாதிரிகளைச் சோதித்தார்கள். பதினேழாயிரம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் எண். கடைசியில் ஜெயித்தது கோல்டன்ராட். அதன் இலையில் ரப்பர் இருந்தது. மரமாக வளர வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டாம், ஒரே சீசனில் வளர்த்து மெஷினில் அறுத்துவிடலாம். தேர்ந்தெடுத்து, ஒட்டுச்சேர்த்து, பன்னிரண்டு அடி உயரம் வளரும் ரகம் வரை கொண்டுபோனார்கள்.

1931 அக்டோபரில் எடிசன் இறந்தார். ஆராய்ச்சி பிறகு அரசு கைக்குப் போனது. 1942-ல் ஜப்பான் மலேயாவைப் பிடித்தபோது அமெரிக்காவைக் காப்பாற்றியது கோல்டன்ராட் இல்லை, பெட்ரோலியத்திலிருந்து செய்த செயற்கை ரப்பர். செடி திரும்ப சாலையோரத்துக்கே வந்துவிட்டது.

எடிசனுடைய பொறுமை எனக்குப் பெரிய பிரமிப்பு. இருந்தாலும் ஒன்றைக் கவனிங்க. ஒரு கூட்டம் அந்தச் செடியிடம் "என்னைத் தும்ம வைத்தது நீதானா?" என்று கேட்டது. எடிசன் "எனக்கு டயர் தருவியா?" என்று கேட்டார். இந்தப் பூ யாருக்காகப் பூக்கிறது என்ற கேள்வி மட்டும் பாக்கி இருந்தது.

கடல் தாண்டினால் கதை வேற

அழகுக்காகத் தூக்கிக்கொண்டு போனவர்களும் உண்டு. பதினேழாம் நூற்றாண்டிலேயே கனடா கோல்டன்ராட் ஐரோப்பியத் தோட்டங்களுக்குப் போய்விட்டது. கோடை முடிந்து மற்றப் பூக்கள் ஓய்ந்த பிறகு மஞ்சள் தரும் செடி என்பதால் மதிப்பு. 1930-களில் அலங்காரச் செடியாகச் சீனாவுக்குப் போனது. ஜப்பானுக்கும் போய், இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ரயில் பாதையோரம், தரிசு நிலம் என்று பரவியது. ஜப்பானிலும் மக்கள் இதன் மேல்தான் தும்மல் பழியைப் போட்டார்கள்!

ஆனால் அங்கெல்லாம் இது அப்பாவி இல்லை. மண்ணுக்கடியில் படுக்கைத்தண்டு ஓட்டி, பக்கத்தில் எதையும் விடாமல் அடர்ந்துவிடும். சொந்த ஊரில் இதைத் தின்று அளவோடு வைத்திருக்கும் பூச்சிகள் அங்கே இல்லை. போலந்தின் புல்வெளிகளில் செய்த ஆய்வு ஒன்று 2009-ல் வெளியானது. அந்நிய கோல்டன்ராட் ஆக்கிரமித்த இடங்களில் காட்டுத் தேனீக்களும் வண்ணத்துப்பூச்சிகளும் குறைந்திருந்தன. அமெரிக்காவில் பூச்சிக்குச் சோறு போடும் அதே செடி, போலந்தில் பூச்சியின் சோற்றைப் பறிக்கிறது. "நல்ல செடி, கெட்ட செடி" என்று பட்டியல் போட முடியாது. எங்கே நிற்கிறது என்பதையும் சேர்த்துத்தான் பதில்.

தோட்டத்துக்குத் திரும்பி வந்த களை

சொந்த ஊரில் இது யாருக்காகப் பூக்கிறது? அந்தப் பக்கம் குளிர்காலம் வருவதற்கு முன் கிடைக்கும் கடைசிப் பெரிய பந்தி இதுதான். தேனீ வளர்ப்பவர்களுக்கு இது முக்கியமான இலையுதிர்காலத் தேன். இந்தத் தேன் பக்குவமாகும்போது கூட்டிலிருந்து அழுக்கு சாக்ஸ் வாடை வரும் என்று அவர்களே கிண்டல் செய்வார்கள். மோனார்க்குகள் மெக்சிகோ வரைக்கும் பறக்கக் கொழுப்பு சேர்ப்பது இப்படிப்பட்ட பூக்களில். கோல்டன்ராடையும் அதன் சொந்தங்களையும் மட்டுமே நம்பி மகரந்தம் சேர்க்கும் காட்டுத் தேனீக்கள் உண்டு. நண்டுச் சிலந்தி ஒன்று, வெள்ளைப் பூவில் வெள்ளையாகவும் இதில் உட்கார்ந்தால் சில நாளில் மஞ்சளாகவும் மாறி, இரைக்காகக் காத்திருக்கும். தண்டில் கோலிக்குண்டு மாதிரி ஒரு வீக்கம் தெரிந்தால், உள்ளே ஒரு ஈயின் புழு குளிர்காலம் முழுக்க உறைந்து கிடக்கிறது என்று அர்த்தம். அதைக் கொத்தித் தின்ன மரங்கொத்தி வரும்.

பூச்சியியல் பேராசிரியர் டக் டாலமி 2007-ல் எழுதிய ஒரு புத்தகம், வீட்டுத் தோட்டத்தில் உள்ளூர்ச் செடியை வைங்க, பூச்சி வரும், பூச்சி வந்தால் பறவை வரும் என்ற எண்ணத்தை நிறையப் பேரிடம் கொண்டுசேர்த்தது. அவர் பட்டியலில் கோல்டன்ராட் முன்வரிசை. நூற்றுக்கும் மேற்பட்ட அந்துப்பூச்சி, வண்ணத்துப்பூச்சி இனங்களின் புழுக்கள் இதன் இலையைத் தின்று வளர்கின்றன. 2014-ல் அதிபர் ஒபாமா மகரந்தச் சேர்க்கைப் பூச்சிகளைக் காக்க ஒரு உத்தரவே போட்டார்.

ஆனால் தெருவில் சண்டை ஓயவில்லை. அமெரிக்கப் புறநகர்களில் முன்வாசல் என்றால் வெட்டிய புல்தரை. அதைவிட உயரமாக எது வளர்ந்தாலும் சங்கத்திலிருந்து நோட்டீஸ் வரலாம். மேரிலாந்தில் ஒரு தம்பதி புல்தரைக்குப் பதில் உள்ளூர்ப் பூச்செடி வைத்ததற்காக, வீட்டு உரிமையாளர் சங்கத்தோடு சில வருஷம் சட்டப் போராட்டம் நடத்தினார்கள். விளைவாக 2021-ல் மாநிலச் சட்டமே மாறியது. இனி அங்கே இப்படிப்பட்ட தோட்டத்தைச் சங்கம் ஒரேயடியாகத் தடுக்க முடியாது. நான் எழுதிய மெயில் எந்தப் பக்கம் நின்றது என்று உங்களுக்கே தெரியும்.

டீச்சரம்மா சொல்லித்தந்த வளர்ப்பு முறை

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் அவர் தோட்டத்தில் கொஞ்சம் கை வேலை செய்தேன். பிராயச்சித்தம்னு வச்சுக்கோங்க. அமெரிக்காவில் இருக்கும் நம்ம லிஸ்னர்களுக்கு இது பயன்படும்.

முதல் விஷயம், எல்லாக் கோல்டன்ராடும் ஒன்றில்லை. நூறுக்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. கனடா கோல்டன்ராட் சின்னத் தோட்டத்துக்கு ஆகாது, மூன்று வருஷத்தில் தோட்டமே அதுதான் என்றாகிவிடும். அதை வேலியோரத்துக்கும் காலி நிலத்துக்கும் விட்டுவிடணும். சின்ன இடத்துக்குக் குத்தாக நிற்கும் இனங்கள்: ஷோயி, ஸ்டிஃப், கொஞ்சம் நிழல் இருந்தால் புளூஸ்டெம். சொரசொரப்பான இலை கொண்ட இனத்திலிருந்து வந்த ஃபயர்வொர்க்ஸ் ரகம் மெதுவாகத்தான் பரவும், பூத்தால் மத்தாப்பு மாதிரி வளைந்து நிற்கும்.

இரண்டாவது, செல்லம் கொடுக்காதீங்க. உரம் போட்டால் உயரமாக வளர்ந்து, பூக்கிற நேரத்தில் மழைக்குச் சாய்ந்துவிடும். நல்ல வெயில், சுமாரான மண், அது போதும். ஜூன் வாக்கில் பாதி உயரத்துக்கு வெட்டிவிட்டால் கிளைத்து, குட்டையாக, உறுதியாக நிற்கும். பூ கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான்.

மூன்றாவது, தனியாக வைக்காதீங்க. அதே நேரத்தில் ஊதா நிறத்தில் பூக்கும் நியூ இங்கிலாந்து ஆஸ்டரைப் பக்கத்தில் வைங்க. சாய்ந்தால் தாங்க, சுற்றி உள்ளூர்ப் புல். பல்லாண்டுச் செடி என்பதால் மூன்று நான்கு வருஷத்துக்கு ஒருமுறை வசந்தத்தில் குத்தைத் தோண்டிப் பிரித்து, பாதியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாம்.

நான்காவது, இதுதான் எனக்குப் பிடித்தது: பூ காய்ந்ததும் வெட்டாதீங்க. வசந்தம் வரும் வரை அப்படியே நிற்கட்டும். விதை குருவிக்கு. வீக்கத்தில் இருக்கும் புழு மரங்கொத்திக்கோ, இல்லை அடுத்த வருஷத்துக்கோ. பார்க்க அசிங்கமாக இருக்கும். "இருக்கட்டும், அது அவர்கள் வீடு" என்பார் அந்த அம்மா.

172 வருஷ மகரந்தம்

கடைசியாக ஒரு ஆராய்ச்சி. ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் உலர்த்தி ஒட்டி வைத்த கனடா கோல்டன்ராட் மாதிரிகள் 1842-லிருந்து இருக்கின்றன. 2016-ல் வெளியான ஆய்வில், 1842 முதல் 2014 வரையான மாதிரிகளின் மகரந்தத்தில் புரதம் எவ்வளவு என்று அளந்தார்கள். அந்தக் காலத்தில் காற்றில் கார்பன் டை ஆக்சைடு சுமார் 280 பிபிஎம்-லிருந்து 398 ஆக ஏறியது. மகரந்தத்தின் புரதம் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது.

யோசிச்சுப் பாருங்க. பந்தி அதே பந்தி, இலை அதே இலை, ஆனால் சோற்றில் சத்து குறைந்துவிட்டது. குளிர்காலத்தைத் தாண்ட வேண்டிய தேனீ சாப்பிடுகிற கடைசி வேளையில் இது நடக்கிறது. பூவே இருந்தும் இந்த நிலை. அந்தப் பூவையும் ஒரு தப்பான பழியால் வெட்டிவிட்டால்?

இதைக் கேட்டுட்டு மொட்டைமாடியில் கோல்டன்ராட் வைக்கக் கிளம்பிடாதீங்க. போலந்து கதை சொன்னேன் இல்லையா? நம்ம ஊரில் இதே இடத்தில் நிற்பது தும்பையும் ஆவாரமும். தும்பையில் தேனீ மொய்ப்பதைப் பார்த்திருப்பீங்க. ஆவாரம்பூவை உடம்பு அதிரப் பிடித்து உலுக்கி மகரந்தம் எடுக்கும் கருவண்டு மாதிரியான தச்சுத்தேனீயையும் பார்த்திருப்பீங்க. காலி மனையைச் "சுத்தம்" செய்யும்போது பார்த்தீனியத்தோடு சேர்த்து அவற்றையும்தான் வழித்துப் போடுகிறோம். அடுத்த முறை யாராவது "களை, வெட்டிடுங்க" என்றால், எது என்று ஒரு நிமிஷம் குனிந்து பாருங்க.

எடிசனிலிருந்து கிளம்பும் முன்னால் நான் இரண்டாவதாக ஒரு மெயில் எழுதினேன். குப்பைத் தொட்டிக்குப் பின்னால் இருக்கும் ராக்வீடைப் பிடுங்கச் சொல்லியும், வேலியோர வரிசையை விட்டுவைக்கச் சொல்லியும். பதில் வரவில்லை. அடுத்த வருஷம் செப்டம்பரில் ரூம்மேட் ஒரு படம் அனுப்பினான். மஞ்சள் வரிசை திரும்ப நின்றது. மண்ணுக்கடியில் தண்டு இருந்ததால் செடி பிழைத்துக்கொண்டது. என் மெயில் அழித்தது ஒரு வருஷத்துப் பூவை மட்டும்தான்.

ஆனால் அந்த ஒரு வருஷம் மெக்சிகோ கிளம்பிய மோனார்க்குக்கு அடுத்த வருஷம் என்று ஒன்று கிடையாது. அதை நான் மறக்கவில்லை.

உங்க வீட்டுப் பக்கத்தில் யார் மேலயாவது, எது மேலயாவது இப்படித் தப்பாகப் பழி போட்ட கதை இருந்தால் எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடில் பார்க்கலாம்.